மூலைக்கால் சாய்கிறது: எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்?

புதுவேலி: வணக்கம். தோட்டத்து வேலிக்கால்களுள் இரண்டு, கம்பியை இழுத்துக் கட்டிய பிறகு பெய்த முதல் மழையிலேயே சாய்ந்துவிட்டன. ஒன்றரை அடி ஆழத்தில் நட்டிருந்தேன். இப்போது காலைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு மண் விலகி, அதில் நீர் தேங்கியிருக்கிறது. எவ்வளவு ஆழம் வேண்டும்? மீதிக் கம்பியை நாளை இழுக்க வேண்டும்.

மண்வெட்டி: கால் மரமா, கல்லா, இரும்புக் குழாயா? மொத்த நீளம் என்ன? மண் எப்படிப்பட்டது? சாய்ந்தவை மூலைக்கால்களா? இவை தெரியாமல் ஆழம் சொல்ல இயலாது.

கடப்பாரை: எதுவாயினும் கான்கிரீட் போடுங்கள். காலின் பருமனைப்போல் மூன்று மடங்கு அகலத்தில் குழி எடுத்து நிரப்பினால் அசையாது.

பழையவர்: இக்கேள்விக்குப் பலமுறை விடை எழுதியாயிற்று, தேடிப் படிக்கும் பொறுமைதான் புதியவர்களிடம் இல்லை. மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மண்வெட்டி: ஐயா, அந்தக் கணக்கு தொடக்கத்துக்கு உதவும், அதுவே முடிவாகாது. இளகிய மணலில் இன்னும் ஆழம் வேண்டும். நிலம் உறையும் குளிர்ப்பகுதிகளில், உறையும் மட்டத்துக்குக் கீழே அடி இறங்காவிட்டால் பனி காலை மேலே தூக்கிவிடும். கான்கிரீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: கிண்ணம்போல் அது மரத்தைச் சூழ்ந்து நீரைத் தேக்கினால், தரைமட்டத்திலேயே கால் இற்றுவிடும்.

கடப்பாரை: மேற்பரப்பை வெளிப்புறம் சரிவாகப் பூசினால் நீர் ஏன் தேங்கப்போகிறது? குறை பூச்சில் இருக்கிறது, கான்கிரீட்டில் இல்லை.

மண்வெட்டி: மரம் காய்ந்து சுருங்கும்போது அதற்கும் கான்கிரீட்டுக்கும் இடையே விழும் மெல்லிய பிளவை எந்தச் சரிவுப் பூச்சும் தடுக்காது. அடியில் சிறிது ஜல்லி பரப்பி, மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசால் இறுக்கிய கால்கள் நெடுநாள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுவேலி: மன்னிக்கவும், மரக்கால்தான், நீளம் எட்டடி, களிமண். இரண்டும் மூலைக்கால்கள். குழியை ஒரே தடவையில் மூடி, மேலே மட்டும் மிதித்துவிட்டேன்.

மண்வெட்டி: காரணம் தெரிந்துவிட்டது. நடுக்கால் இரு பக்கமும் கம்பி இழுப்பதால் சமன்பட்டு நிற்கும். மூலைக்கால்தான் இரு வரிசைகளின் இழுவையையும் உள்நோக்கித் தாங்குகிறது. களிமண்ணோ நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கிக் காலை விட்டு விலகும். ஆகவே மூன்றடிக்குக் குறையாமல் இறக்குங்கள். ஒவ்வோர் அடுக்கையும் குத்தி இறுக்குங்கள். கம்பி செல்லும் இரு திசைகளிலும் உட்புறமாக ஒவ்வொரு முட்டுக்கால் கொடுங்கள். முட்டில்லாமல் ஆழத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பழையவர்: மூன்றில் ஒரு பங்கு என்றதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

மண்வெட்டி: அளவு சரிதான் ஐயா. முட்டுக்கால்தான் அதில் விடுபட்டிருந்தது.

புதுவேலி: ஒன்றை மூன்றடியில் நட்டுவிட்டேன், தோளால் தள்ளினாலும் அசையவில்லை. மற்றொன்றில் இரண்டடியிலேயே பாறை தட்டியது; அதற்கு மட்டும் கான்கிரீட்டும் இரு முட்டுக்கால்களும் கொடுத்திருக்கிறேன். கான்கிரீட் இறுகட்டும் என்று கம்பி இழுப்பதை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டேன். நன்றி.