மறுமொழி: ‘ஆண்மைக் குறைபாடு’ என்ற தலைப்புக்கு வேறு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆண்களின் விந்தகத்தில் (விரையில்) சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்துபோகும் நிலைக்கு, நோயாளிகளுக்கான விளக்கத்தாளில் ‘ஆண்மைக் குறைபாடு’ என்று தலைப்பிடுகிறார்கள். அதற்கு வேறு சொல் கேட்டிருந்தேன். வந்த மறுப்பு இது:

“ஆண்மைக் குறைபாடு என்பதே மக்களுக்குப் பழகிய சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?”

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே பழகியது? ‘நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, ரகசியம் காக்கப்படும்’ என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டுகிறார்களே, அங்கே. அந்தச் சுவரொட்டியின் கூச்சம் முழுவதையும் அந்தச் சொல் சுமந்துகொண்டு வருகிறது.

சென்ற மாதம் என் பெரியப்பா மகனுடன் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு 47 வயது. ஓராண்டாக ஓயாத சோர்வு, காரணமில்லாத எரிச்சல், தாம்பத்திய நாட்டம் அற்றுப்போனது; ஹீமோகுளோபினும் குறைந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவு என்று அறிக்கை வந்ததும் விளக்கத்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் அந்தத் தலைப்பு. அண்ணன் அதற்குக் கீழே படிக்கவே இல்லை. தலைப்பு உள்ளே மறையும்படி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு நாள் காலையில் மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று அதே தாளில்தான் எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்து நான் கேட்டபோதுதான் அது அவருக்குத் தெரிந்தது. இந்த இழையை நான் தொடங்கியது அதனால்தான்.

‘ஆண்மை’ என்ற சொல்லுக்கும் நாம் அநீதி செய்கிறோம். வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை எல்லாவற்றிலும் இருப்பது அந்த ஆண்மைதான், ஆளும் தன்மை. அதை ஒரு சுரப்பியின் வேலையோடு கட்டிவிட்டால், சுரப்புக் குறைந்தவன் ஆளாகவே குறைந்தவன் என்றாகிவிடுகிறது. உடலியலும் இதற்கு இடம் தரவில்லை. பெண்கள் உடலிலும், சிறிதளவே ஆனாலும், டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது.

அடுத்து, பலரும் ஆதரித்த ‘விந்தகச் சுரப்புக் குறை’. முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நோயாளியின் காதில் ‘விந்து’ என்பதே முதலில் விழும். விந்தணு உற்பத்தி வேறு, ஹார்மோன் சுரப்பு வேறு. விந்தகத்துக்குள் அவற்றைச் செய்யும் செல்களும் வேறு. இந்தக் குழப்பம் ஆபத்தானது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ களிம்போ கொடுத்தால், போதுமான அளவு இருக்கிறது என்று, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்துக்குத் தரும் தூண்டலைக் குறைத்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் முப்பது வயதுக்காரர், நோயின் பெயரை நம்பி, இந்த ஊசியால் விந்தணு பெருகும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டால் நடப்பது நேர்மாறு. அந்த நினைப்புக்கு நம் சொல் துணைபோகக் கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: ‘டெஸ்டோஸ்டிரோன் சுரப்புக் குறை’. அயற்பெயர் உள்ளே இருக்கிறதே என்பவர்களுக்கு: இன்சுலினையும் தைராய்டையும் நம் பாட்டிமார் கூடச் சொல்கிறார்கள். ஹார்மோனை இலங்கை நண்பர்கள் ஓமோன் என்று எழுதுவதையும் நாம் தடையின்றிப் படிக்கிறோம். டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயரும் 1935இல் வேதியியலாளர்கள் ஒட்டிச் சேர்த்த பெயர்தான்; எவரையும் இழிவுபடுத்தும் வரலாறு அதற்குக் கிடையாது.

இரண்டு நிலைகளைப் பிரித்துச் சொல்லவும் நமக்குச் சொல் வேண்டும். ஆய்வகத் தாளில் எண் குறைந்திருப்பது ‘அளவுக் குறைவு’ மட்டுமே. காய்ச்சலில், தூக்கமின்மையில், உடற்பருமனில் கூட எண் இறங்கும். அறிகுறிகளும் இருந்து, வேறு வேறு நாட்களில் காலை வேளையில் எடுத்த இரண்டு சோதனைகளிலும் குறைந்திருந்தால்தான் ‘சுரப்புக் குறை’. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வைத்திருக்கும் கோடு டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். மாலையில் எடுத்த ஒரே சோதனையை வைத்து ஆயுள் முழுதும் ஊசி போடுவது சிகிச்சை ஆகாது.

பழுது எங்கே என்பதைச் சுட்டும் primary, secondary என்ற ஆங்கிலச் சொற்களை ‘முதல்நிலை, இரண்டாம்நிலை’ என்று மொழிபெயர்த்திருப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். புற்றுநோயைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதல்நிலை என்றால் ஆரம்பக் கட்டம், பயமில்லை என்று பொருள். இங்கேயோ அது விந்தகமே பழுதுபட்ட நிலை. அதை ‘விந்தகவழிக் குறை’ என்போம். இடத்தைச் சுட்டும்போது அந்தச் சொல் பொருந்துகிறது. விந்தகம் நன்றாக இருந்தும் மூளைப் பக்கத்திலிருந்து அதைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோன் போதிய அளவு வராவிட்டால் ‘தூண்டல்வழிக் குறை’. இந்தப் பிரிவு சிகிச்சையையே மாற்றுகிறது. பிட்யூட்டரியில் புரோலாக்டின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கும் கட்டி என்றால் பலருக்கு கேபர்கோலின் மாத்திரையிலேயே டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு மீண்டுவிடும். எடை கூடியவர்களுக்கு எடை இறங்கினாலே ஓரளவு ஏறும்.

சிகிச்சைக்கு ‘ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை’ வேண்டாம். மாற்று மருத்துவம் என்று எண்ணிக் கஷாயம் கேட்கிறார்கள். ‘ஈடுசெய் சிகிச்சை’ என்றால், இல்லாததை ஈடுகட்டுகிறோம், நிறுத்தினால் பழையபடி குறையும் என்பது சொல்லிலேயே விளங்கும். இரத்தச் சிவப்பணு விகிதம் 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். அந்தக் கண்காணிப்பு வரியும் விளக்கத்தாளில் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்து ஓடுகிறது; சுமார் 2 விழுக்காடே பிணையாமல் இருக்கிறது. பருமனானவர்களுக்கு அந்தச் சிறு பங்கையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அதைச் ‘சுதந்திர டெஸ்டோஸ்டிரோன்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ‘கட்டற்ற’ என்றால் கட்டுப்பாடில்லாதது போல் ஒலிக்கிறது. ‘பிணையா டெஸ்டோஸ்டிரோன்’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்க்குச் சற்று வழுக்குகிறது. ‘தனித்த’ எப்படி? வேதியியல் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து