2003 ஜகார்த்தா: கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி ஆசியான் கோப்பையை ஜெயித்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கேள்வி கேட்டவனே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, கொல்கத்தாவுக்கு மாற்றல், லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. வீட்டுக்காரர் குடும்பம் பிரிவினை சமயத்தில் கிழக்கு வங்கத்துப் பாரிசாலிலிருந்து வந்தது, அதனால் அவர்கள் பிறக்கும்போதே ஈஸ்ட் பெங்கால். அப்பா வம்புக்கென்றே பரம எதிரியான மோகன் பகான் அணியின் கட்சி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மாடியில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் எதிர்வீட்டில் இறால், சைவமான எங்களுக்கு எது நடந்தாலும் வாசனை மட்டும்தான்.

2003இல் நான் கல்லூரி. ஈஸ்ட் பெங்கால் அப்போதுதான் தேசிய லீக் வாங்கியிருந்தது. அதெல்லாம் உள்ளூர் வீரம். இந்தியக் கிளப் வெளிநாடு போகிறது என்றால் இரண்டு ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு வரும் என்பதுதான் அப்போதைய நினைப்பு. ஆசியான் கிளப் கோப்பை தென்கிழக்காசிய நாடுகளுக்கானது, நாம் அதில் விருந்தாளி. பயிற்சியாளர் சுபாஷ் போமிக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்தார்: மொத்த அணியையும் கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் கொண்டுபோய் வைத்தார். சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி எல்லாம் கணக்குப்படி, அதற்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு உடற்பயிற்சியாளர் வேறு. இன்றைக்கு எந்தச் சின்ன அணியும் செய்கிற காரியம். அன்றைக்கு ஊரே சிரித்தது.

முதல் ஆட்டமே தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவிடம் 0-1. அப்பா மறுநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மாடிக்குக் கேட்கிற மாதிரி, "ஓட்டல் பில் எவ்வளவு ஆச்சாம்?" என்றார். அடுத்து பிலிப்பைன்ஸ் ராணுவ அணியோடு 6-0, ஆறும் பைச்சுங் பூட்டியா போட்டது. சரி, அது பலமில்லாத அணி என்று சமாதானம் சொல்லலாம். காலிறுதியில் பெர்சிட்டா தாங்கெராங்கை 2-1, அரையிறுதியில் பெட்ரோகிமியா புத்ராவோடு 1-1 ஆகி, பெனால்டியில் 7-6. இந்த இரண்டும் யார் தெரியுமா? 2002 இந்தோனேசிய லீக் இறுதியில் மோதிய அணிகள். அவர்கள் ஊரிலேயே போய் இருவரையும் அடுத்தடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அரையிறுதிக்கு அப்புறம் அப்பா வாயே திறக்கவில்லை.

ஜூலை 26 இறுதி, மறுபடி அதே பெக் டெரோ. 3-1. அணி திரும்பி வந்த அன்று வீட்டுக்காரர் பையனோடு ஸ்கூட்டரில் டம்டம் ஏர்போர்ட் போனேன். போனேன் என்று சொல்லக்கூடாது, ஏர்போர்ட்டுக்கு ரொம்ப தூரம் முன்பே வண்டியை நிறுத்திவிட்டு, அப்புறம் கூட்டம் எங்களைக் கொண்டுபோனது. சிவப்பு மஞ்சள் கொடி, தீப்பந்தம், யாரோ என் முகத்திலும் மஞ்சள் அப்பிவிட்டார்கள். பஸ் நகர்ந்தபோது எல்லாரும் பைச்சுங், பைச்சுங் என்று கத்த, நான் மட்டும் "குலோத்துங்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழுந்திருக்காது. பக்கத்தில் இருந்தவர் மட்டும் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

ஆமாம், அந்த அணியில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார், நடுக்களத்தில் ஆடிய குலோத்துங்கன். இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

* * *

அண்ணா, நான் அன்றைக்கு ஜகார்த்தாவிலேயே இருந்தேன். பக்கத்திலேயே தாங்கெராங்கில் ஒரு துணி மில்லில் மேற்பார்வை வேலை. என் செக்‌ஷனில் முக்கால்வாசிப் பேர் பெர்சிட்டா வெறியர்கள். காலிறுதி முடிந்த மறுநாள் காலை ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, டீ கொண்டுவருகிற பையன் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனான். எனக்கோ அதுவரை ஈஸ்ட் பெங்கால் என்றால் என்னவென்றே தெரியாது, நான் கிரிக்கெட் ஆள். டீ கிடைக்காத கோபத்தில்தான் இறுதிப் போட்டிக்கு டிக்கெட் வாங்கினேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கெலோரா புங் கர்னோ மைதானம் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே நுழைந்ததும் ஆள் சின்னதாகிவிடுவான், அவ்வளவு பெரிசு. எங்கள் பக்கம் இந்தியர்கள் கொஞ்சம் பேர், அதில் ஒரு வங்காளிப் பெரியவர் என் பக்கத்தில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் என் முழங்கையை இடித்து, "பந்தைப் பார்க்காதே, அந்தக் கறுப்புப் பையனைப் பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பையன் பெயர் ஷஷ்டி துலே.

பெக் டெரோவில் தெர்ட்சாக் சைமான் என்று ஒருவர். ஆசியாவின் பெரிய கிளப்களெல்லாம் மோதுகிற ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் அந்த முறை சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான் போனது, அவர்கள் அணி அந்த லீக்கின் இறுதிக்கே போய் உட்கார்ந்திருந்த அணி. அப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? போமிக் ஷஷ்டி துலேயை அவர்மேல் ஒட்டிவிட்டார். சைமான் பந்தோடு போனால் துலே போகிறான், பந்தில்லாமல் போனாலும் போகிறான், சைமான் நின்றால் இவனும் நிற்கிறான். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கல்யாண வீட்டில் கடன்காரன் பின்னாலேயே சுற்றுவது போல. கொஞ்ச நேரம் போனதும்தான் உறைத்தது, தாய்லாந்துக்காரர்கள் எந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோனாலும் கடைசியில் சைமானைத் தேடுகிறார்கள், தேடும்போதெல்லாம் அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள். அதற்குள் மைக் ஒகோரோ ஒன்று போட்டாயிற்று, அப்புறம் பைச்சுங் ஒன்று. தாய்லாந்து ஒன்றைத் திருப்பியபோது என் பக்கத்துப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அல்விட்டோ டிகுன்ஹா மூன்றாவது போட்டதும் நான்தான் உலுக்கித் திறக்க வைத்தேன்.

திங்கட்கிழமை டீ வந்தது. பையன் கிளாஸை வைத்துவிட்டு "சாம்பியன், பாக்" என்றான். பாக் என்றால் அங்கே சார் மாதிரி.

* * *

கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாரும் கொஞ்சம் ஓவராகப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜப்பான், கொரியா, சவுதி கிளப் ஒன்றுகூட இல்லாத கோப்பை அது. சின்ன அணி பெரிய கோப்பை ஜெயிப்பது என்றால் நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

2014இல் சிட்னியில் மேற்படிப்பு, பாரமட்டாவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு. வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் கிளப் 2012இல்தான் பிறந்தது, இரண்டு வயசுக் குழந்தை. ஆஸ்திரேலிய லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, நினைத்த ஆளை வாங்க முடியாது. அந்தக் கிளப் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் முதல் ஆட்டத்தையே சொந்த மைதானத்தில் கொரியாவின் உல்சானிடம் 1-3 என்று கோட்டைவிட்டது (உங்கள் ஈஸ்ட் பெங்கால் மாதிரியே, அதை ஒப்புக்கொள்கிறேன்). அப்புறம் எப்படியோ ஹிரோஷிமாவைத் தாண்டி, காலிறுதியில் நடப்புச் சாம்பியன் குவாங்சோவைத் தாண்டி, அரையிறுதியில் சியோலைத் தாண்டி, இறுதியில் ரியாத்தின் அல் ஹிலால். முதல் ஆட்டம் பாரமட்டாவில், மாற்று ஆளாக வந்த டோமி யூரிச் போட்ட ஒரே கோல். அதை நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டாவது ஆட்டம் ரியாத்தில், 60,000க்கு மேல் கூட்டம். சிட்னியில் அது ஞாயிறு விடியற்காலை. வீட்டில் ஐந்து பேரும் போர்வையோடு டிவி முன்னால். 39 வயது கோல்கீப்பர் ஆன்டே கோவிச் அன்றைக்கு ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது, ஒரு ஆள் கதவை முதுகால் சாத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது போல நின்றார். அல் ஹிலால்காரர்கள் பெனால்டி கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அதில் ஒன்றிரண்டு கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், மனசாட்சிப்படி சொல்கிறேன். 0-0, மொத்தத்தில் 1-0, கோப்பை. ஜன்னலைத் திறந்தால் தெருவில் கார் ஹாரன். பக்கத்து வீட்டு லெபனான் பாட்டி பால்கனியில் நின்று என்னைப் பார்த்துக் கை தட்டினார், ஏதோ நான் கோல் போட்ட மாதிரி.

* * *

தம்பி, வாண்டரர்ஸ் ஜெயித்தது பெரிசுதான், யார் இல்லை என்றது. ஆனால் பெக் டெரோ அந்த வருஷம் உங்கள் அதே ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆடிய அணி என்பதை மேலே ஜகார்த்தாக்காரர் சொன்னதைப் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள். ஜப்பான் கிளப் வரவில்லை என்பது ஈஸ்ட் பெங்கால் செய்த தப்பா? இன்னொன்று, அந்தத் தொடரில்தான் தேபஜித் கோஷ் தலையில் அடிபட்டு நினைவிழந்து விழுந்தார், அணி மருத்துவர் ஓடிப்போய்க் காப்பாற்றினார். இதையெல்லாம் தாண்டி வந்த கோப்பை, சும்மா வந்ததில்லை.

சரி, உங்கள் லெபனான் பாட்டிக்காக விட்டுவிடுகிறேன்.

* * *

எனக்கு ஊர் தஞ்சாவூர். முதல் பதிவின் கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவர், கல்கத்தா கிளப்களில் ஆடியவர் என்று தெரியும், ஊரில் பந்து உதைக்கிற எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் ஜகார்த்தா? 2018இல் அவர் சாலை விபத்தில் இறந்த அன்று பேப்பரில் வந்த செய்தியில், பெயருக்குப் பக்கத்திலேயே "2003 ஆசியான் கோப்பை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியின் வீரர்" என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்துவிட்டு, இது என்ன கோப்பை என்று போனில் தேடினேன். நம்ம ஊர் ஆள் வெளிநாட்டில் போய் ஜெயித்த கோப்பையின் பெயரை அவர் சாவுச் செய்தியில்தான் நான் தெரிந்துகொண்டேன். ஜெயித்த வருஷம் எனக்குப் பதினான்கு வயது, தினமும் பேப்பரில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன், அங்கே கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததாக ஞாபகமே இல்லை. நான்தான் கவனிக்கவில்லையோ என்னவோ, ஆனால் அப்படி நினைக்க மனசு ஒப்பவில்லை.

லேக் மார்க்கெட் அண்ணா, நீங்கள் ஏர்போர்ட்டில் அவர் பெயரைக் கத்தினீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி. ஒருத்தராவது கத்தியிருக்கிறீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பசங்களுக்கு நான் பந்து சொல்லிக்கொடுக்கிறேன், பெரிசாக ஒன்றுமில்லை. எல்லாருமே கோல் போடுகிற இடம்தான் வேண்டும் என்கிறார்கள். எதிராளியைப் பிடித்து நில்லுடா என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. அந்த இறுதி ஆட்டத்தின் முழுப் பதிவு யாரிடமாவது இருக்கிறதா? போட்டுக் காட்டணும்.

* * *

தஞ்சாவூர்த் தம்பிக்கு: என்னிடம் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, யாரோ டிவியிலிருந்து பிடித்தது, படம் புள்ளி புள்ளியாக இருக்கும், அனுப்புகிறேன். நாலு கோலும் இருக்கிறது. துலே ஓடினது ஒரு இடத்திலும் இல்லை.