புதுப்பிப்பு: அலபாமா சிவில் உரிமைத் தலங்கள், 14 பேர் போய் வந்தோம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் நடந்த பர்மிங்காம், செல்மா, மான்ட்கோமரி ஆகிய மூன்று ஊர்களையும் மூன்று நாளில் எந்த வரிசையில் பார்ப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"சம்பவங்கள் நடந்த வருட வரிசையிலேயே போங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. முதலில் பர்மிங்காம்: 1963-இல் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்த 16-ஆம் தெரு தேவாலயம். மறுநாள் செல்மா. எட்மண்ட் பெட்டஸ் பாலத்தை நடந்தே கடக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. பாலம் நடுவில் மேடு. ஏறும்போது அக்கரை தெரியாது. 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனவர்கள், எதிரே தடியோடு நின்ற போலீஸை உச்சிக்கு வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். கூட வந்த பெரியம்மா அந்த இடத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதியின் பெயர் இன்னும் அந்தப் பாலத்தில் இருப்பது மனதை உறுத்தியது.

எதிர்பாராதது மான்ட்கோமரி அருங்காட்சியகம். கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற இடங்களின் மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, இறந்தவர் பெயர் எழுதி அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம், மூன்று ஆனது. அப்புறம், அப்படிக் கொல்லப்பட்டவர்களுக்காக அதே ஊரில் 2018-இல் திறந்த நினைவிடத்துக்கு நேரம் போதவில்லை. போகிறவர்கள் மான்ட்கோமரிக்கு முழு நாள் வையுங்கள்.