தொழிலில் ஜெயிக்கத் துணிச்சல் மட்டும் போதுமா? செய்கிறவர்கள் வந்து சொல்லுங்கள்

புதூர்க்காரன்:
போன வாரம் கப்பலூர் பக்கம் ஒரு தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஜெயிக்கிறவனுக்கும் மற்றவனுக்கும் துணிச்சல் ஒன்றுதான் வித்தியாசம் என்றார் பேசியவர். எனக்கும் அதுதான் படுகிறது. நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வெங்கடசாமிக்கு முப்பது வயதையொட்டி மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் ஆபரேஷன் பழகினார். 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அந்த வயதில் நம்ம ஆட்கள் தல்லாகுளத்தில் வாக்கிங் போய்க்கொண்டிருப்பார்கள். நானும் வேலையை விட்டுவிட்டு பேக்கரி போடப் போகிறேன். 12 லட்சம் கடன். என்ன சொல்கிறீர்கள்?

வடக்குமாசி:
தம்பி, பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய தங்கையும் கண் டாக்டர், தங்கை கணவரும் கண் டாக்டர், இரண்டு பேருமே கூட நின்றார்கள். அப்படி ஒரு குடும்பம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரும் 1911இல் இங்கே தொழில் தொடங்குவதற்கு முன் வக்கீல், ரயில்வே, பேங்க் என்று எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர். துணிச்சல் என்பது ஜெயித்த பிறகு சேர்த்து எழுதுகிற அத்தியாயம். தோற்றவனுக்கும் அதே துணிச்சல் இருந்திருக்கும், ஆனால் அவனை யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். என் பெரியப்பா மகனைப் போல துணிச்சல்காரரை நான் பார்த்ததில்லை. கீழவாசலில் செல்போன் கடை போட்டார், சரக்குக்காக வட்டிக்கு வாங்கினார், அந்த வட்டியைக் கட்ட இன்னொரு வட்டி. இப்போது வேறொருவர் கடையில் பில் போடுகிறார்.

புதூர்க்காரன்:
அண்ணே, பின்புலம் இருந்தும் அப்பா கடையை இழுத்து மூடியவர்கள் மாசி வீதிகளில் எத்தனை பேர்? காசும் சொந்தமும் இருந்தால் போதுமென்றால் அவர்கள் எல்லாரும் இன்றைக்குக் கோடீஸ்வரர்கள். டாக்டருக்குக் குடும்பம் இருந்தது, சரி. ஆனால் அந்த விரல்கள் அவருடையவைதானே?

வடக்குமாசி:
விரலை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிடிவாதம், துணிச்சல் இல்லை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

நூலகவாசி:
இடையில் ஒரு தகவல். மெக்லெலண்ட் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் இருந்தார். 1960களில் ஆந்திராவில் காக்கிநாடா வியாபாரிகளுக்கு, சாதிக்கும் உந்துதலை வளர்க்கவென்றே பயிற்சி கொடுத்துப் பார்த்தவர். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தொழிலை விரித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் வளையம் எறியும் சோதனை. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் வளையம் போட்டு சோப்பு டப்பா ஜெயிப்போமே, கிட்டத்தட்ட அதுதான். எங்கே நின்று எறிவது என்பது அவரவர் இஷ்டம். சாதிக்கும் வேகம் உள்ளவர்கள் ஒட்டியும் நிற்கவில்லை, சுவரோரம் போயும் நிற்கவில்லை. கொஞ்சம் கஷ்டப்பட்டால் விழும் என்கிற தூரத்தில் நின்றார்கள். 12 லட்சம் எந்தத் தூரம் என்று புதூர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

வடக்குமாசி:
பயிற்சிக்கு வந்த இடத்தில் நாலு வியாபாரிகள் பழக்கமாகியிருப்பார்கள், அதில் தொழில் விரிந்திருக்கும். அதையும் குணத்தின் கணக்கில் எழுதிவிட்டால் எப்படி?

மாவு அக்கா:
நான் செல்லூரில் ஏழு வருஷமாக இட்லி மாவு பாக்கெட் போடுகிறேன். உங்கள் சண்டையில் நடக்கிற விஷயம் எதுவும் வரவில்லையே என்றுதான் எழுதுகிறேன். முதல் அக்னி நட்சத்திரத்தில் ஒரே நாளில் 40 பாக்கெட் திரும்பி வந்தது. எல்லாம் பலூன் மாதிரி உப்பி, இரண்டு வெடித்து பையெல்லாம் மாவு. ஒரு கடைக்காரர் என் கண் முன்னாலேயே பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அழுகை வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து எந்தக் கடையில் எத்தனை உப்பியது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஃப்ரிட்ஜ் இல்லாத மூன்று கடைகளில் இருந்து வந்தவை. அந்த மூன்றுக்கும் காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று பிரித்தேன். கிரைண்டர் சூட்டிலேயே மாவு சீக்கிரம் புளிக்கிறது என்று தெரிந்ததும் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டினேன். அடுத்த வாரம் வந்த ரிட்டர்ன் ஆறு.

அப்புறம் வசூல். இதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. "நாளைக்கு வாங்கக்கா" என்பார்கள். முதல் வருஷம் சரி சரி என்று திரும்பி வந்துவிடுவேன். கடன் கேட்கப் போகிறவரைவிட, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கப் போகிறவருக்குத்தான் முகம் சுருங்குகிறது. இப்போது கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சண்டை எல்லாம் கிடையாது. அவர் பிள்ளை படிப்பை விசாரிப்பேன், காசு வந்ததும் எழுந்துவிடுவேன்.

வடக்குமாசி:
அக்கா, சிறு தொழில்களுக்கான 2006 சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் கேட்கலாம்.

மாவு அக்கா:
பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்ணுகிறவர்களுக்கு அது உதவும் தம்பி. பெட்டிக்கடையில் சட்டம் பேசினால் மறுநாள் அங்கே வேறு மாவுதான் இருக்கும்.

புதூர்க்காரன்:
நீங்கள் சொல்வதையும் நான் துணிச்சல் என்றுதான் சொல்வேன் அக்கா.

மாவு அக்கா:
பேர் எதுவாகவும் இருக்கட்டும். பேக்கரியில் நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்களா? மீந்துபோன பன்னை என்ன செய்வீர்கள்?

புதூர்க்காரன்:
வேலை பார்த்ததில்லை. மாஸ்டர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறேன்.

மாவு அக்கா:
மாஸ்டர் லீவு போட்ட அன்றைக்கு?

வடக்குமாசி:
லோன் கையெழுத்தாகிவிட்டதா?

புதூர்க்காரன்:
இன்னும் இல்லை. வேலையையும் விடவில்லை. ஆனால் கடைக்கு 20 ஆயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

நூலகவாசி:
ஒரு மூன்று மாதம் தள்ளிப் போடுங்களேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பேக்கரியில் போய் நில்லுங்கள்.

புதூர்க்காரன்:
அதுவரை அந்த ஓனர் கடையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவும் ஒரு மாதிரி இருக்கிறது.

மாவு அக்கா:
காலையில் பத்து மணிக்கு மேல் போங்கள். போனில் கேட்காதீர்கள், நேரில் போய் உட்காருங்கள்.