உங்களை மடக்கிய பார்வையாளர் யார்? அருங்காட்சியகத் தன்னார்வலர்கள் சொல்லுங்கள்

எழும்பூர்வாசி:
சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஞாயிறுதோறும் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இரண்டே கேள்விகள்: கழிப்பறை எங்கே, திமிங்கில எலும்புக்கூடு எங்கே. மீதிப் பேருக்காகத்தான் முழங்கால் வலியோடு போகிறேன்.

செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நின்று, 11ஆம் நூற்றாண்டு, சோழர் காலம், ஆண் பாதி பெண் பாதி என்று வழக்கம்போல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி, "பாட்டி, சாமிக்கு மூன்று கைதானே இருக்கிறது?" என்றாள். அவள் அப்பா "சும்மா இரு" என்று அதட்டினார். எண்ணிக்கை சரிதான். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. "அம்மாவுக்குத்தானே வேலை அதிகம், அவருக்கல்லவா இரண்டு வைத்திருக்க வேண்டும்?" என்றாள் அடுத்து. அப்பா வாயே திறக்கவில்லை; அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிவனின் மடங்கிய முன்கை காளையின் மேல் ஊன்றியிருந்த கை, காளைதான் இப்போது இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடுவாளா? காளையைத் தேடக் கூடம் முழுக்கச் சுற்றினாள்.

இன்னொரு நாள் சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதி வந்திருந்தார். அவர் தொழிலைச் சொல்வதற்குள் நான் அவருக்கே மெழுகு வார்ப்பை விளக்கத் தொடங்கிவிட்டேன். தேன்மெழுகோடு குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சேர்த்து உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குங்கிலியம் ஏன் என்று சொல்லவில்லையே அம்மா" என்றார். வெறும் மெழுகு இந்த வெயிலுக்குக் குழைந்துவிடுமாம். குங்கிலியம் கூடினால்தான் நகை மடிப்பெல்லாம் கூர்மையாக நிற்குமாம். பிறகு கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். சிலையின் முதுகைப் பார்க்கிறாராம். முகத்தை யாரும் பாடுபட்டுச் செய்துவிடுவார்களாம், தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரத்தில்தான் செய்தவன் அலுத்துவிட்டானா என்று தெரியுமாம். இப்போதெல்லாம் யாராவது கேட்டால் முதுகையும் எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். காவலர் முறைக்கிறார்.

லண்டன் மாமா:
அக்கா, எனக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை. பார்வையாளர்கள் பழம்பொருட்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் மேசையில் தன்னார்வலனாக உட்கார்கிறேன். ஒரு நாணயத்தைக் கையில் வைத்தால் போதும், பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்தால், ஆந்திராவில் குண்டூருக்குப் பக்கத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள் இருக்கும் பக்கம் ஒரு நடை போவேன். குண்டூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அங்கே நின்றிருந்தது. பையன் கேட்டான்: "எங்கள் ஊர்க் கல் இங்கே எப்படி வந்தது?" 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியது, மதராசுக்குப் போனது, 1859இல் கப்பலேறியது என்றேன். மற்றொரு பெரும் பங்கு எழும்பூரில் இருக்கிறது என்றதும், "லண்டனுக்குப் பாதி, சென்னைக்குப் பாதி. ஊருக்கு?" என்றான். அமராவதியிலும் ஒரு அருங்காட்சியகம் உண்டு என்று சொன்னேன். அவன் சமாதானமாகவில்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

எழும்பூர்வாசி:
தம்பி, உங்கள் பையனை என்னிடம் அனுப்பாதீர்கள், சிறுமி ஒருத்தியே போதும். இங்கேயும் அதே கேள்வி வருகிறது, தெலுங்கில்.

புதியவள்:
படித்ததும் வர ஆசையாக இருக்கிறது. வரலாறு படித்தவளில்லை, கணக்குதான். சேர்த்துக்கொள்வார்களா? இந்த வெள்ளிக்கிழமை வந்தால் உங்களைப் பார்க்கலாமா அம்மா?

எழும்பூர்வாசி:
கைகளை எண்ணத் தெரிந்தால் போதும், வாருங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் கூட்டம் சேர்வதற்குள் வந்துவிடுங்கள்.