கோதுமை பீரில் வாழைப்பழ எசன்ஸ் ஊற்றுகிறார்களா?

நொதிப்பிரியன்:
நாக்குருசி என்பவர் சிறிய பீர் ஆலை ஒன்றுக்குப் போய்ச் சுவைத்துவிட்டு எழுதியதைப் படித்தேன். மற்றதெல்லாம் இருக்கட்டும். "கோதுமை பீரில் வாழைப்பழ எசன்ஸை ஊற்றி ஏமாற்றுகிறார்கள், மூக்குள்ள எவருக்கும் தெரியும்" என்று முடித்திருக்கிறார். உழைத்துக் காய்ச்சுகிறவர்கள் மீது பழி போடுவதற்கு முன்னால் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜெர்மனியின் பவேரியப் பாணிக் கோதுமை பீருக்கு அந்த வாசனையைக் கொடுப்பது ஈஸ்ட். நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், அதாவது பழ மணம் தரும் ஒரு சேர்மம், உண்டாகிறது. கூடவே வருகிற கிராம்பு வாசனையும் அதே ஈஸ்டின் வேலைதான்.

நாக்குருசி:
பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன். மரப்பலகையில் சின்னக் கோப்பைகளை வரிசையாக வைத்தார்கள். லாகர், கோதுமை, பேல் ஏல், கடைசியில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். கலங்கலான அந்தக் கோதுமை பீரை மூக்கருகே கொண்டுபோனதும் அடித்தது மிட்டாய் வாசனை. பழ வாசனைகூட இல்லை ஐயா, மிட்டாய் வாசனை. ஈஸ்ட் எந்த ஊரில் மிட்டாய் செய்கிறது?

நொதிப்பிரியன்:
மிட்டாய் வாசனை அடிக்காவிட்டால்தான் வியப்பு. மிட்டாய்க்குப் போடும் வாழைப்பழ எசன்ஸின் முக்கியப் பொருளே ஐசோஅமைல் அசிடேட்தான். பழத்தில் அதோடு வேறு பல வாசனைப் பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. பீரில் இது தனித்துத் தூக்கலாக வரும்போது மிட்டாய்தான் நினைவுக்கு வரும்.

நாக்குருசி:
ஆக, எசன்ஸில் இருப்பதுதான் பீரிலும் இருக்கிறது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். மிக்க நன்றி.

நொதிப்பிரியன்:
இருக்கிறது என்றேன். ஊற்றினார்கள் என்றா சொன்னேன்? எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கமலம்:
நான் வேதியியல் ஆசிரியை. எசன்ஸ் என்று எதைச் சொல்கிறீர்கள், கலப்பது என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை இருவரும் முதலில் முடிவு செய்யுங்கள். தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களுக்கு எச்சரிக்கையாக விடுகிற வாசனையிலும் இதே ஐசோஅமைல் அசிடேட் உண்டு. மூலக்கூறைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

நாக்குருசி:
தேனீ வரைக்கும் போக வேண்டாம் அம்மா. என் கேள்வி எளிமையானது. மிட்டாய் வாசனை எப்படி வந்தது?

நொதிப்பிரியன்:
இதைத்தான் மேலே சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன், ஈஸ்டிலிருந்து வந்தது. நம்பிக்கை இல்லையென்றால் கோதுமை பீர் நொதிக்கிற நாளில் தொட்டியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். வாயு வெளியேறும் குழாயின் முனை ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதில் குமிழிகள் கொப்பளித்து வெடிக்கும்போதே அறை முழுக்க அந்த மணம் நிறையும். அந்த நேரத்தில் தொட்டியில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறு, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் தவிர எதுவும் இல்லை. 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் நொதிக்கவிட்டால் வாழைப்பழம் தூக்கலாக வரும், குளிர்ச்சியாக வைத்தால் அடங்கும். மால்ட்டை 45 டிகிரி அளவிலான வெந்நீரில் சற்று நேரம் ஊறவிட்டால் தானியத்திலுள்ள ஃபெருலிக் அமிலம் கூடுதலாக வெளிவரும், அதை ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றும். எந்த மணம் எவ்வளவு என்பதைக் காய்ச்சுகிறவர் வெப்பநிலையை வைத்தே தீர்மானிக்கிறார். அவ்வளவு நுணுக்கமான வேலையைப் போய் புட்டியைத் திறந்து ஊற்றினார்கள் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கார்முகில்:
நொதிப்பிரியனுக்கு எதற்குத்தான் கோபம் வராது? "கறுப்பு பீர் என்றாலே போதை அதிகம்" என்று நான் சொன்னதற்கு அன்று என்னை எப்படி ஏசினார் என்பதை இன்னும் மறக்கவில்லை.

நொதிப்பிரியன்:
அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருகிறது, ஆல்கஹால் நொதித்த சர்க்கரையிலிருந்து வருகிறது. ஐரிஷ் ஸ்டவுட் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம்தான். பெல்ஜியத்தின் வெளிறிய பொன்னிற ஏல் 8 சதவீதத்தைத் தாண்டும். இதில் ஏசல் எங்கே வந்தது?

கார்முகில்:
"நாக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் குடிப்பவர்" என்று எழுதியதற்குப் பெயர் என்ன?

நாக்குருசி:
கார்முகில் அண்ணா, உங்கள் வழக்கைப் பிறகு பார்க்கலாம். அதே ஆலையின் கோதுமை பீரைப் புட்டியில் வாங்கி வந்து, சில மாதம் கழித்துத் திறந்தேன். வாசனை பாதிகூட இல்லை. ஈஸ்ட் கொடுத்தது என்றால் ஏன் ஓடிப்போயிற்று? ஊற்றியதுதான் பறந்துபோகும்.

நொதிப்பிரியன்:
தலைகீழாகப் பேசுகிறீர்கள். எங்கிருந்து வந்தாலும் அந்த எஸ்டர் நாளாக நாளாகச் சிதைந்து குறையும். அதனால்தான் கோதுமை பீரைப் புதிதாகக் குடிக்கச் சொல்கிறார்கள். வெப்பமான அலமாரியில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். புட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவே வேண்டாம்.

நாக்குருசி:
என் அலமாரியைப் பற்றி உங்களுக்கு என்ன? மிட்டாய் வாசனைக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழஞ்சுவடி:
இவ்வளவு பேச்சே தேவையில்லை. 1516ஆம் ஆண்டு பவேரியத் தூய்மைச் சட்டப்படி பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதையும் பீரில் சேர்க்கக் கூடாது. எசன்ஸ் ஊற்றினால் அது பவேரியப் பாணிக் கோதுமை பீரே இல்லை.

நாக்குருசி:
அப்படியே வையுங்கள். அந்தச் சட்டத்தில் கோதுமை எங்கே இருக்கிறது? ஈஸ்ட் எங்கே இருக்கிறது? உங்கள் சட்டப்படி இந்த பீரே குற்றம்!

பழஞ்சுவடி:
கோதுமைக்குத் தனிச் சலுகை உண்டு. ஆட்சியாளர்கள் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 1872இல் கேயார்க் ஷ்னைடர் என்ற பீர் காய்ச்சுபவர் அந்த உரிமையைப் பெற்ற வரலாறு தெரியுமா?

நாக்குருசி:
ராஜா காய்ச்சினால் தூய்மை, மற்றவர் காய்ச்சினால் கலப்படம். நல்ல சட்டம்.

நொதிப்பிரியன்:
பழஞ்சுவடி, உதவிக்கு வருகிறேன் என்று எதிராளி கையில் கம்பைக் கொடுத்துவிட்டீர்கள். நொதித்தலில் ஈஸ்டின் பங்கு தெளிவானதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1516இல் அதை எப்படி எழுதியிருப்பார்கள்? சட்டத்தை விடுங்கள், தொட்டியைப் பாருங்கள்.

பழஞ்சுவடி:
நான் யாருக்கும் உதவிக்கு வரவில்லை. வரலாறு தெரியாதவர்கள் பீரைப் பற்றிப் பேசுவது பொறுக்காமல் வந்தேன். காய்ச்சியவர்கள் முந்தைய தொட்டியின் அடிவண்டலை எடுத்து அடுத்ததற்குப் பயன்படுத்தினார்கள். ஈஸ்டைப் பற்றித் தெரியவே தெரியாது என்று எழுதுவது அரைகுறை.

நொதிப்பிரியன்:
தெரியாது என்று நான் எழுதவில்லை. பங்கு தெளிவாகவில்லை என்று எழுதினேன். இங்கே ஒருவருக்குக்கூட வாசிக்கிற பழக்கம் இல்லை.

கமலம்:
பழச்சாறும் மணப்பொருளும் சேர்த்து, அதை வெளிப்படையாகச் சொல்லியே விற்கிற பீர் வகைகளும் உண்டு. நாக்குருசி, நீங்கள் குடித்ததன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தது?

நாக்குருசி:
பார்த்தீர்களா, சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆசிரியையே சொல்கிறார்.

நொதிப்பிரியன்:
கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பலகையில் என்ன இருந்தது? பழம் என்று இருந்ததா, வெறும் கோதுமை பீர் என்று இருந்ததா? காய்ச்சுகிறவர் பக்கத்திலேயே நின்றிருப்பாரே, எந்த ஈஸ்ட், எத்தனை டிகிரி என்று கேட்டீர்களா? ஆலை வரைக்கும் போனவர் தொட்டியைக்கூட எட்டிப்பார்க்காமல் மூக்கை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

நாக்குருசி:
பணம் கொடுத்துக் குடிக்கப் போனேன், தேர்வு எழுதப் போகவில்லை. என் மூக்கு பொய் சொல்லாது. அது மிட்டாய் வாசனை.

கார்முகில்:
நொதிப்பிரியன், நாக்கு விஷயத்துக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

நொதிப்பிரியன்:
வராது. நாக்குருசி, பலகையில் என்ன எழுதியிருந்தது?