ஆங்கர் புல் டெஸ்ட்: மூன்றும் பாஸ், ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை

புதுசைட்_சிவில்:
வணக்கம். பழைய செங்கல் சுவரில் கேபிள் ட்ரே பிராக்கெட்டுக்காக 80 கெமிக்கல் ஆங்கர் (துளையில் ரெசின் என்ற பசையைச் செலுத்தி ஒட்டும் இரும்பு ராடு) போட்டிருக்கிறார்கள். எல்லாம் எம்12, அதாவது 12 மி.மீ. ராடு. ஒவ்வொன்றுக்கும் வேலைச்சுமை 2 கிலோநியூட்டன். நேற்று மூன்றை மட்டும் 3 கிலோநியூட்டன் வரை இழுத்துப் பார்த்து, எல்லாம் பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த மூன்று என்று தேர்ந்தெடுத்தது போர்மேன்தான். இழுக்கும் கருவியின் கால்கள் ஆங்கர் இருக்கும் அதே செங்கல் மேல் நின்றன. அதுவும் உறுத்துகிறது. மேலே கான்கிரீட் ஸ்லாபில் ஓர் எம்12 ஆங்கரை 9 கிலோநியூட்டனில் நிறுத்தியபோது, ஒரு நிமிடத்தில் சுமையைக் காட்டும் கேஜ் 8.4-க்கு இறங்கியது. அது ஃபெயிலா?

துளைத்தூசி:
தம்பி, உங்களுக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான்.

முதலில் கால்கள். அதே செங்கல்லை இரண்டு காலால் அமுக்கிக்கொண்டு நடுவில் இழுத்தால் செங்கல் எங்கே போகும்? ரெசின் செங்கல்லைப் பிடித்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். செங்கல்லைச் சாந்து பிடித்திருக்கிறதா என்பது தெரியாது. பழைய சுவரில் பெரும்பாலும் பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். கால்கள் பக்கத்துச் செங்கல்களுக்கு அப்பால் நிற்க வேண்டும். கருவி சிறியது என்றால் அடியில் ஒரு சேனல் போட்டு அகலப்படுத்தலாம்.

கான்கிரீட்டிலும் இதே கதை. ஆங்கர் கான்கிரீட்டைக் கூம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தக் கூம்பின் ஆரம், பதிந்த ஆழத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு. 110 மி.மீ. ஆழம் என்றால் ஆங்கரிலிருந்து இருபுறமும் 165 மி.மீ. விட்டுத்தான் கால் ஊன்ற வேண்டும். கிட்டே ஊன்றினால் கூம்பு பெயர வழியில்லை, கேஜும் நல்ல எண்ணாகக் காட்டும்.

எண்ணிக்கையில் அவர்கள் தவறவில்லை. பிரிட்டிஷ் தரநூல் பி.எஸ். 8539 படி வேலைச்சுமையைப் போல் ஒன்றரை மடங்கு இழுத்தால் 40-க்கு ஒன்று, குறைந்தது மூன்று. ஆனால் போர்மேனைத் தேர்ந்தெடுக்க விடுவது, மாணவனிடமே வினாத்தாள் கேட்பது மாதிரி. ஒரு வேலையில் அவர்கள் காட்டிய மூன்றும் அசையவில்லை. ஏணி சரியாக நிற்காத மூலையில் இருந்த ஒன்றை நானாகக் கேட்டேன். கருவி மாட்டவே இல்லை, நட்டைத் திருகும்போதே ராடு வெளியே வந்தது. ரெசின் முழுக்க மாவில் புரட்டிய மாதிரி தூசி. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டிய துளையில் ஊதல்கூட நடக்கவில்லை. கைக்கு எட்டாத இடம், வேலை முடியும் நேரத்தில் போட்டது, புது ரெசின் கார்ட்ரிட்ஜின் (ரெசின் குழாயின்) முதல் துளை: இவற்றிலிருந்து எடுங்கள். நாசிலிலிருந்து முதலில் வரும் ரெசின் ஒரே நிறமாகும்வரை வெளியே தள்ள வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

கேஜ் இறங்கியதை மட்டும் வைத்து ஃபெயில் என்று சொல்லமாட்டேன். ஹைட்ராலிக் கருவி தானே கொஞ்சம் தளரும், காலடிப் பூச்சும் நசுங்கும். மறுபடி 9-க்கு ஏற்றுங்கள். நின்றால் சரி. திரும்பத் திரும்ப இறங்கினால் ஆங்கர் நகர்கிறது என்று வையுங்கள். ஆங்கர் நகர்வதை அளக்க, தனி ஸ்டாண்டில் ஒரு டயல் கேஜ் வைத்தால் சந்தேகமே வராது. அதைக் கருவியின் காலிலேயே மாட்டிவிடாதீர்கள், பலர் செய்கிறார்கள்.

ஸ்பேனர்ராஜா:
இவ்வளவு எதற்கு? டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) போட்டு முறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

துளைத்தூசி:
தெரியாது. மரையில் துரு இருந்தாலும் டார்க் ஏறும், எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் இழுவை அதிகமாகும். துளைக்குள் விரிந்து பிடிக்கும் எக்ஸ்பான்ஷன் ஆங்கரைச் சரியாகப் பொருத்த டார்க் ரெஞ்ச் வேண்டும், அது வேறு விஷயம்.

புல் டெஸ்டிலும் எல்லாம் தெரிந்துவிடாது. 2006 ஜூலையில் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் ஒரு கார் மேல் விழுந்து ஒருவர் இறந்தார். எபாக்ஸி என்ற ரெசினில் ஒட்டிய ஆங்கர்கள் தொங்கும் சுமையில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியதுதான் காரணம் என்று விசாரணையில் வந்தது. ஒரு நிமிடம் இழுத்துப் பார்த்து அந்த நழுவலைப் பிடிக்க முடியாது. தலைக்கு மேல் நிரந்தரமாகத் தொங்கும் சுமைக்கு அதற்கென்று சோதித்துச் சான்று பெற்ற ரெசினா என்று பாருங்கள்.

புதுசைட்_சிவில்:
நன்றி அண்ணா. ஸ்லாபில் மறுபடி 9 ஏற்றினோம், அப்படியே நின்றது. சுவரில் சேனல் போட்டு, நானே மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நின்றன. மூன்றாவது 2.2-லேயே செங்கல்லோடு வந்துவிட்டது. ரெசின் நன்றாகத்தான் பிடித்திருந்தது, சாந்து கையில் உதிர்கிறது. இப்போது 80-ஐயும் இழுக்க வேண்டுமா?

துளைத்தூசி:
ஒன்று ஃபெயில் ஆனால் காரணம் பார்த்துவிட்டு எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவார்கள். இன்னொன்றும் போனால் அந்தப் பகுதி முழுவதையும். ஆனால் உங்கள் விஷயத்தில் காரணம் கையிலேயே உதிர்கிறதே. டிசைனரைக் கூப்பிட்டு அந்தச் செங்கல்லைக் காட்டுங்கள். பயன்படாத ஓர் இடத்தில் சில ஆங்கர் போட்டு உடையும்வரை இழுத்து, அதிலிருந்து சுமையை முடிவு செய்யட்டும். அதுவரை ட்ரேயை ஏற்ற வேண்டாம். கேஜின் காலிப்ரேஷன் (அளவு சரிபார்த்த) தேதியையும் ஒரு பார்வை பாருங்கள்.